ஊதாத் துணியும் மாமனாரின் வைஃபையும்

தவக்காலம் முடியும்வரை கிரிக்கெட் பார்ப்பதில்லை என்று, காலமான மாமனார் அருளப்பனின் படத்தைத் தொட்டு ஜெயராஜ் சத்தியம் செய்திருந்தார். அந்த நாட்களில் மாதா கோயிலில் சுரூபங்களை மூடுவதுபோல, மனைவி ஜோசஃபின் டிவியை ஊதாத் துணியால் மூடினாள். வீட்டில் நெட்டுக்கு இருந்த ஒரே வழியான அவர் போனையும் பிடுங்கிக்கொண்டாள். முப்பது நாள் பல்லைக் கடித்தார். அன்றைக்கு பெங்களூருக்கும் சென்னைக்கும் மேட்ச். பெங்களூரு தமிழர் எப்படித் தாங்குவார்?

"ஆஞ்சலா வீட்டுக்குப் போயிட்டு வரேன். லேப்டாப்ல என்ன?"

"ஆபீஸ் வேலை."

"நெட் இல்லாமயா?"

"எக்ஸெல்லுக்கு எதுக்கு நெட்டு?"

"அதானே!" என்று பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

ஜோசஃபின் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்ப்பவள். குடியிருப்பது அங்கேயே குவார்ட்டர்ஸில். பல்கலைக்கழக வைஃபை வீட்டுக்குள்ளேயே வரும். ஊழியர் எண்ணும் பாஸ்வேர்டும் கொடுத்தால்தான் திறக்கும். எண், ஆணியில் தொங்கிய அவள் அடையாள அட்டையில் இருந்தது. பாஸ்வேர்டுக்குத் தன் பெயரையும் கல்யாண வருஷத்தையும் அடித்துப் பார்த்தார்.

திறந்துகொண்டது! இத்தனை வருஷம் கழித்தும் தன் பெயரா? ஜெயராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

'இந்த நெட்வொர்க்கின் சான்றிதழை நம்புகிறீர்களா?' என்றது திரை.

"விசுவசிக்கிறேன்" என்று பக்தியோடு க்ளிக் செய்தார்.

வெளியே மேகம் கவிந்தது. பட்டப்பகலில் ஹால் இருண்டது. மேட்ச் சுற்றிக்கொண்டே இருந்தது, வரவில்லை. சிக்னல் எப்படி என்று வைஃபை பட்டியலைத் திறந்தார். மேலே ஒரு புதுப் பெயர், ஆங்கில எழுத்தில்: 'மாப்ளே சாப்டாச்சா'.

ஜெயராஜுக்குக் குப்பென்று வியர்த்தது. தினமும் மாமனார் கேட்கும் கேள்வி அது. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. சுவரில் படம் லேசாக ஆடியது. காற்றா? ஜன்னல் சாத்தியிருந்தது.

பெயர் மறைந்தது. வேறொன்று வந்தது: 'மேட்சா மாப்ளே'.

"மாமா!" ஜெயராஜ் தடாலென்று முழங்காலில் விழுந்தார். "மன்னிச்சிருங்க மாமா! ஈஸ்டர் வரைக்கும் பாத்திரம் பூரா நானே தேய்க்கிறேன்!"

கும்பிட்ட கையோடு திரையைப் பார்த்தார். 'ஏங்க சத்தியமா' என்றிருந்தது.

ஏங்க? மாமனார் எப்போது அவரை 'ஏங்க' என்று கூப்பிட்டார்?

கதவு திறந்தது. ஜோசஃபின், கையில் அவர் போனோடு நின்றாள்.

"புதுசா ஒரு கம்ப்யூட்டர் என் பேர்ல நுழைஞ்சதுன்னு மெசேஜ் வந்துச்சு. உடனே உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, அதோட பேரை மாத்தி மாத்தி வெச்சேன். நீங்க கத்தினது ஆஞ்சலா வீடு வரைக்கும் கேட்டுச்சு. போங்க, சிங்க் நிறையப் பாத்திரம் இருக்கு."

ஜெயராஜ் எழுந்தார். ஒரே ஒரு ஆறுதல் மிச்சம் இருந்தது.

"அது போகட்டும் ஜோசி. பாஸ்வேர்டு என் பேர்தானே?"

"நேத்துதான் மாத்தினேன். உங்களுக்கு முதல்ல யார் பேரு தோணும்னு எனக்குத் தெரியாதா?"