ரோதமுனி மைக் பிடித்த ஞாயிற்றுக்கிழமை

எனக்குப் பாட வராது. இப்போது எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன் பாருங்கள். இருபத்தேழு வயதில் இதே மூன்று வார்த்தையைச் சொல்ல வாய் வராமல், பதுளையில் ஒரு பார் நிறைய ஆட்களைக் கையெடுத்துக் கும்பிட வைத்தவன் நான்.

முதலில் கதை அளந்தது மாலதியிடம்தான். அவள் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முன்பள்ளி ஆசிரியை. தண்ணீரில் விழுந்த போனைத் தூக்கிக்கொண்டு பதுளை கடைவீதியில் நான் இருந்த ரிப்பேர் கடைக்கு வந்தாள். அதைக் காயவைத்துத் திருத்த மூன்று நாள் எடுத்தேன். (மூன்று மணி நேர வேலைதான். விடுங்கள்.) அந்த மூன்று நாளில், கடை என்னுடையது என்றும், எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் மைக்கில் கேட்பது என் குரல்தான் என்றும் சொல்லிவைத்தேன். முதலாவது பச்சைப் பொய். நான் சம்பளத்துக்கு இருந்தவன். இரண்டாவதை அப்படிச் சொல்லிவிட முடியாது. மைக்கில் கேட்டது என் குரல்தான். "அன்னதானம் ஆரம்பமாகிவிட்டது, பக்தர்கள் வரிசையில் வரவும்" என்று அறிவிக்கும் குரல். அவள் அதைப் பாட்டுக் குரல் என்று எடுத்துக்கொண்டாள், நான் திருத்தவில்லை.

அடுத்த வருடம் கல்யாணப் பேச்சு வந்தது. மாலதிக்கு அப்பா இல்லை. தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். அவர் பெயர் சுப்பையா, வெலிமடையில் லீக்ஸும் கரட்டும் லொறி லொறியாக ஏற்றுகிற மரக்கறி வியாபாரி. பையனை முதலில் தனியாகப் பார்க்க வேண்டும் என்றாராம். இடத்தையும் அவரே சொல்லிவிட்டார். பஸ் நிலையத்துக்குப் பின்னால், படியேறிப் போனால் கெரம் போர்ட்டும் கரோக்கியும் இருக்கும் ஒரு பார்.

"குடிக்கிறவனான்னு பாக்கத்தான் அங்க வரச் சொல்றாரா?" என்று மாலதியிடம் போனில் கேட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்க. அவருக்குப் பாட்டுன்னா உசுரு. பாடத் தெரிஞ்சவன் பொண்டாட்டிய கை நீட்டி அடிக்க மாட்டான்னு சொல்லுவாரு. நீங்க பாடுவீங்கன்னு நாந்தான் சொல்லி வச்சேன். அதக் கேட்டதும்தான் வர்றேன்னாரு. சொதப்பிராதீங்க. மாமா வேணாம்னா அம்மா வாயவே தொறக்காது."

அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பாத்துக்கலாம்" என்று சொல்லி போனை வைத்தேன். புத்தி அவ்வளவுதான் இருந்தது.

அந்தப் பாரில் கரோக்கி ஞாயிறு மத்தியானமே தொடங்கிவிடும். தோட்டங்களுக்குப் போகும் பஸ்கள் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுமே, பிறகு யார் இருந்து பாடுவது? ஒரு மூலையில் டார்ட்ஸ் பலகை, நடுவில் இரண்டு கெரம் போர்ட், முன்னால் பெரிய டிவியும் மைக்கும். மாமா வெள்ளைச் சட்டையில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி குடிக்கிறீங்க?"

"ஜிஞ்சர் பியர் போதுங்க. நான் அதெல்லாம் தொடுறதில்லீங்க."

இது உண்மை. அன்று நான் சொன்ன கடைசி உண்மையாக இருந்திருக்கும், பின்னால் நடந்தது நடக்காமல் இருந்திருந்தால். அவரும் ஜிஞ்சர் பியரே எடுத்தார். கெரம் ஆடினோம். ஆடிக்கொண்டே கடை, வருமானம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், மாலதியிடம் அளந்ததையே அவரிடமும் அளந்தேன். மரியாதைக்காக வேண்டுமென்றே தோற்றேன். (வேண்டுமென்றே என்றுதான் இன்றுவரை சொல்லி வருகிறேன்.) மனிதர் நன்றாகத்தான் பழகினார். சிரித்தார். 'காரியம் பழுத்துவிட்டது, பாட்டை மறந்தேவிட்டார்' என்று நினைத்தேன். அவர் நான் வருவதற்கு முன்பே கரோக்கிப் பட்டியலில் என் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

தோட்டத்தில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிடுவதுபோல் பார் முதலாளி என் பெயரை மைக்கில் கூப்பிட்டார். அவர் சிங்களவர். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

போய் நின்றேன். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய காதல் பாட்டின் இசை தொடங்கியது. டிவியில் தமிழ்ப் பாட்டு ஆங்கில எழுத்தில் ஓடியது. நான் முதல் சொல்லை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் இரண்டு வரி போய்விட்டது. தொண்டையில் இருந்து வந்தது, திருகாணி கழன்ற மின்விசிறியின் சத்தம். டார்ட்ஸ் எறிந்தவர்கள் எறிவதை நிறுத்தினார்கள். மாமா தலையைக் குனிந்து தன் கிளாஸையே பார்த்தார். அந்தக் குனிவைக் கண்டதும் மாலதி என் கையைவிட்டுப் போய்விட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வரும்போல இருந்தது.

கெரம் போர்ட்டில் இருந்த தோட்டத்து அண்ணன் ஒருவர், பாவம், எனக்குத் தாளம் எடுத்துக் கொடுக்க நினைத்துப் பலகையில் தட்டினார். அவர் கைக்குத் தெரிந்தது ஒரே தாளம். திருவிழாவில் சாமி அழைக்கத் தப்பு மேளத்தில் அடிக்கிற அடி. அதைக் கேட்டதும் என் மண்டைக்குள் ஒரு யோசனை உதித்தது. அருள் வந்தவனைப் பார்த்து நம் ஆட்கள் யாரும் சிரிப்பதில்லை. அவனைப் பாடச் சொல்வதும் இல்லை.

கண்ணை மூடி, நாக்கைக் கடித்து, உடம்பை உலுக்கி ஒரு உறுமல் விட்டேன். மைக் கையிலேயே இருந்தது. எக்கோ வேறு போட்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

பார் மொத்தமும் எழுந்து நின்றது. செருப்புகள் கழன்றன. கெரம்கார அண்ணன் கைகட்டி முன்னால் வந்தார்.

"யாரு வந்திருக்கீங்க சாமி?"

யாரென்று நான் யோசித்திருக்கவில்லை. வாயில் வந்தது "ரோதமுனி". தேயிலை ஃபெக்டரி இயந்திரங்களைக் காக்கிற சாமி. எங்கள் ஃபெக்டரி வாசலில் அதற்குப் பொங்கல் வைப்பார்கள். கூடவே சாராயமும் சுருட்டும் படைப்பார்கள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நான் நின்றிருந்த இடத்தில் மற்ற எதற்குத் தட்டுப்பாடு இருந்தாலும் சாராயத்துக்கு இருக்கவில்லை.

நாலு திசையிலிருந்தும் கிளாஸ் நீண்டது. சாமி வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஒன்றை வாங்கி ஒரே மடக்கில் விழுங்கினேன். நெருப்பு இறங்கியது. நான் இருமியதைக்கூட எக்கோவில் கேட்டு இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விபூதி கேட்டார்கள். இல்லை. கெரம் பவுடர் டப்பாவை நீட்டினார்கள். அதை அள்ளி ஒவ்வொரு நெற்றியிலும் பூசினேன். சமையல்காரர் டெவல் கறிக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஒருவர் மகனுக்கு கட்டார் விசா வருமா என்றார். வரும் என்றேன். முதலாளி மேல்மாடி கட்ட அனுமதி கிடைக்குமா என்றார். கிடைக்கும் என்றேன். பின்னால் அந்தக் காதல் பாட்டின் இசை பாட ஆளில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசியாக மாமா வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைகட்டி நின்றார்.

"சாமி, என் தங்கச்சி மகளுக்கு ஒரு பையன் பேசியிருக்கு. எப்படிப்பட்டவன்?"

இப்படி ஒரு வாய்ப்பு எந்த மாப்பிள்ளைக்குக் கிடைக்கும்? "தங்கமான பையன்டா" என்று உறுமினேன்.

"பாட வருமா சாமி அவனுக்கு?"

சற்று முன்பு நான் பாடியதை அவர் கேட்டிருக்கிறார். "வராது."

"பெறகு ஏன் வரும்னு பொய் சொன்னான்?"

சாராயம் நாக்கை இளக்கியிருந்தது. "அந்தப் புள்ளைய ரொம்பப் புடிச்சுப்போச்சு. ஒண்ணுமில்லாதவனை அது திரும்பிப் பாக்குமான்னு பயந்துட்டான்."

"கடை அவனோடதா?"

"இல்ல. சம்பளத்துக்கு நிக்கிறான்."

பாட்டு முடிந்திருந்தது. மாமா இன்னும் ஒரு அடி கிட்ட வந்தார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்பன் இல்லாத புள்ள சாமி. நாந்தான் தூக்கி வளத்தேன். நல்லா வச்சுக்குவானா?"

இதற்கு உறுமத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. கண்ணைத் திறந்தேன். மைக்கை மேசையில் வைத்தேன்.

"வச்சுக்குவேன் மாமா. சாமியெல்லாம் வரல. பாட வரலேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான். மன்னிச்சுக்குங்க."

கட்டார் விசாக்காரர் நெற்றிப் பவுடரைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் பாய்ந்தார். முதலாளி அவரைப் பிடித்து நிறுத்திவிட்டு, "அப்ப மேல்மாடி?" என்று என்னைப் பரிதாபமாகக் கேட்டார். மாமா அவசரப்படாமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தம்பி, எங்கப்பா நாப்பது வருசம் கோயில் பூசாரி. அருள் வந்தவன் கையில என்ன இருந்தாலும் தூக்கி வீசிருவான். நீ மைக்கை வாய்கிட்டயே புடிச்சுக்கிட்டு ஆடுற."

"தெரிஞ்சுமா கைகட்டி நின்னீங்க?"

"கெரம் ஆடுறப்ப கேட்டதுக்கெல்லாம் பொய்யா சொன்ன. சாமி வேசம் போட்டதும் ஒவ்வொண்ணா உண்மை வந்துச்சு. அதான் கேட்டு முடிச்சிரலாம்னு நின்னேன்."

கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. மைக்கை எடுத்து, அதே பாட்டைத் திரும்பப் போடச் சொல்லி, முழுக்கப் பாடினார். அப்படி ஒரு குரல். விசாக்காரர்கூட உட்கார்ந்துவிட்டார். மாலதியின் அம்மாவுக்கு அவர் சொன்ன தகவல் இரண்டே வரி: "பாட்டு சுத்தமா வராது. நல்ல நாளாப் பாத்துருங்க."

பத்து வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் இதன் பலனை நான் தினமும் அனுபவிக்கிறேன். மாலதிக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் சண்டை பிடிப்பதில்லை. அகப்பையைக் கொண்டுவந்து மைக் மாதிரி என் வாய்க்கு நேராக நீட்டி, "சாமி, ஃபிரிட்ஜில இருந்த வட்டிலப்பம் எங்க?" என்பாள். அகப்பை நீட்டப்பட்டால் உண்மைதான் பேச வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். மாமா வந்தால் அவரும் நீட்டுவார். நான் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை.

போன மாதம் வரைக்கும். ஏழு வயது மகள் பள்ளிக்கூடக் கலைவிழாவுக்குப் பாட்டுப் பழகினாள். மாமாவும் வந்து கேட்டுக்கொண்டிருந்தார். என் குரல் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது, பிசகில்லாமல். பாடி முடித்துவிட்டு நேராகச் சமையலறைக்குள் போய் அகப்பையோடு வந்தாள்.

"சாமி, என் பாட்டு நல்லாருக்கா?"

மாமாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். மாலதி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"ரொம்ப நல்லாருக்கு தாயி" என்றது சாமி.

சாமி வாக்காயிற்றே, பிள்ளை அப்படியே நம்பிவிட்டது. மறுநாளே போய்த் தோட்டத்துத் திருவிழாவுக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். தனிப்பாட்டாம். மூன்று.