கம்பெனி பிட்டிங்

திருப்போரூர் தாண்டியதும், காரின் ஸ்டீரியோவிலிருந்து யாரும் கேட்காமலேயே ஒரு கானாப் பாட்டு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ரேணுகாவுக்கு ஸ்டீயரிங் கையைவிட்டு நழுவப் பார்த்தது.

“இன்னாம்மா இது?” என்றார் பக்கத்து சீட்டிலிருந்த மாமனார் கோதண்டராமன். “ரேடியோவுல சிக்னலே இல்லன்னியே?”

“இப்பதான் வந்துச்சு மாமா. விளம்பரம்.”

“இன்னா எழவு விளம்பரமோ!”

கோதண்டராமனுக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஒரு கொள்கை. அந்த வெள்ளைக் கார் கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ, அப்படியே இருக்க வேண்டும். வாங்கிப் பதினாறு வருஷமாகியும் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற விடவில்லை. வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்தவர்கள் முதுகை உரித்துக்கொண்டுதான் எழுந்தார்கள். ஸ்டீரியோவில் செய்தி மட்டும் கேட்கலாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “எல்லாம் கம்பெனி பிட்டிங்கு” என்று பானெட்டைத் தட்டிக் காட்டுவார்.

பராமரிப்பு மனைவி வேண்டாவின் பொறுப்பு. தினமும் சாயங்காலம் சாவியும் துணியுமாகப் போய், தூசி உள்ளே வராமல் கதவு கண்ணாடியெல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் துடைப்பாள். “எங்க வூட்டுக்காரி மாதிரி கார் துடைக்க ஊரப்பாக்கத்துலயே ஆள் கிடையாது” என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனதும் கார் ரேணுகாவின் கைக்கு வந்தது. கணவன் பாலாவுக்குப் பெங்களூரில் வேலை. இவளுக்குக் கேளம்பாக்கத்தில் ஆபீஸ். அங்கே நாளெல்லாம் மேனேஜர் பேச்சு, வீட்டுக்கு வந்தால் மாமனார் பேச்சு. நடுவில் வண்டலூர் நெரிசலில் கிடைக்கிற ஒரு மணி நேரத்திலும் செய்தி வாசிக்கிறவர் பேச்சுதானா? அந்த நேரம் தன்னுடையது, அதில் தன் பாட்டுதான் ஓட வேண்டும் என்று ரேணுகா முடிவு கட்டினாள். போன வாரம் கேளம்பாக்கத்தில் ஜோஷ்வாவின் கடையில் காரை விட்டாள்.

“ப்ளூடூத் வைக்கணும். ஆனா வெளிய ஒண்ணும் தெரியக் கூடாது. எங்க மாமாவுக்கு மோப்பம் ஜாஸ்தி.”

“ஆண்டவருக்கே தெரியாதுக்கா,” என்ற ஜோஷ்வா ஸ்டீரியோவைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தான். “அக்கா, உள்ள ஏற்கெனவே கறுப்பு டேப்பு சுத்தி ஏதோ டப்பா கீது.”

“கம்பெனி பிட்டிங்கா இருக்கும். அது மேல மட்டும் கைய வெச்சிராத, சாமி!”

“சரி, அது பக்கத்துலயே நம்மளத கோத்துவுடறேன்.”

வேலை சுத்தமாக இருந்தது. ஒரே ஒரு குறை. திருப்பி மாட்டும்போது ரேடியோவுக்கு மாற்றுகிற பட்டன் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ரேணுகா அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு வாரம் வண்டலூர் நெரிசல்கூட அவளுக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டதுபோல இருந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாமல்லபுரத்தில் சொந்தக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து. போனில் பாட்டை நிறுத்திவிட்டுத்தான் கிளம்பினாள். ஆனால் இந்த ஆப்புகளை நம்ப முடியாது, தானாக எதையாவது போட்டுத் தொலைக்கும். வேகத்தடையில் வண்டி மெதுவானபோது, மாமனாருக்குத் தெரியாமல் கையை நீட்டிப் போனில் ப்ளூடூத்தை அணைத்தாள்.

பாட்டு நிற்கவில்லை.

ஓரமாக நிறுத்தி, மணி பார்ப்பதுபோலப் போனையே அணைத்தாள். பாட்டு மாறியது. இது முந்தையதைவிட மோசம். சாவு மேளம் கணக்காக அடித்துக்கொண்டு ஒருவன் மச்சான் மச்சான் என்று கத்தினான். பின்சீட்டில் மாமியார் வேண்டா இதையெல்லாம் கவனிக்காமல், பைக்குள் கையை விட்டு, போனையும் பர்ஸையும் தள்ளித் தள்ளிச் சோம்புப் பொட்டலத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு வண்டியை எடுத்தாள் ரேணுகா.

“இன்னாத்துக்குக் கொறைச்ச? நியூஸ் டைம் ஆச்சு!” கோதண்டராமன் குமிழைப் பிடித்து முழுசாகத் திருகினார்.

கார் அதிர்ந்தது. பூஞ்சேரி பஸ் ஸ்டாப்பில் நின்ற பையன்கள் விசில் அடித்தார்கள். ஒருவன் ஆடவே ஆரம்பித்தான். கோதண்டராமன் பதறிப்போய் ரேடியோ பட்டனைத் தேடினார். பட்டன் இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“இந்த ஸ்க்ரூவ எவனோ கழட்டிகீறான்!”

ரேணுகா வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தினாள். பொய் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

“எவனும் இல்ல மாமா, நான்தான். ஸ்டீரியோ பின்னால ப்ளூடூத் வெச்சிருக்கேன்.”

“என் கார்லயா?”

“நான் ஓட்டுற கார்ல.”

“சாவியக் குடு. நாளையிலருந்து நீ பஸ்ஸுல போ!”

சாவியைக் கேட்டதும் ரேணுகாவுக்குச் சுருக்கென்றது. பயம் வரவேண்டிய இடத்தில் கோபம் வந்தது.

“தர மாட்டேன். கண் ஆஸ்பத்திரிக்கு இந்தக் கைதானே உங்கள இட்டுக்கினு போச்சு? அந்தக் கைக்கு ஒரு பாட்டு போட உரிமை இல்லையா? உங்க கம்பெனிக்காரன் ஸ்டீரியோ வெச்சதே பாட்டு கேக்கத்தான் மாமா!”

கோதண்டராமனை இந்த வீட்டில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பிளாஸ்டிக் உறை சரசரக்க அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மொதல்ல அந்த எழவ புடுங்கு! இந்தச் சத்தம் நிக்கணும்!”

“புடுங்குறேன். நாளைக்கே திரும்ப வைப்பேன். இனிமே ஒளிச்சு வைக்க மாட்டேன், எல்லாருக்கும் தெரியிற மாதிரி மேலயே வைப்பேன்!”

டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, ஜோஷ்வா மாட்டியதை ஒயரோடு பிய்த்து, மாமனாரின் மடியில் போட்டாள்.

பாட்டு நிற்கவில்லை. மச்சான்காரன் அடுத்த அடியை இன்னும் உற்சாகமாக எடுத்தான்.

கோதண்டராமன் மடியைப் பார்த்தார், ஸ்டீரியோவைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். ரேணுகாவுக்கும் ஒன்றும் புரியவில்லை.

பின்சீட்டில் வேண்டாவுக்கு ஒருவழியாகச் சோம்புப் பொட்டலம் அகப்பட்டுவிட்டது. நாலு சோம்பை வாயில் போட்டு மென்றபடி சொன்னாள்:

“உன்னுதப் புடுங்குனா என்னுது எப்டிம்மா நிக்கும்?”