செம்புப் பானையில் கச்சா எண்ணெய்

"பதினேழாவது வளைவுல போச்சுங்க மிஸ்," என்று பிளஸ் ஒன் மாணவி ஜெஸ்லின் அட்டைப்பெட்டியை ஆட்டிக் காட்டினாள். உள்ளே கண்ணாடித் துண்டுகள் கலகலத்தன. சேலத்திலிருந்து ஏற்காட்டு மலைப்பாதையில் பஸ்ஸில் வந்த, ஆவியைக் குளிரவைத்து வடிக்கும் கண்ணாடிக் குழாய், இன்னும் மூன்றே வளைவுகள் மிச்சமிருக்கும்போது உயிரை விட்டிருந்தது.

கெமிஸ்ட்ரி டீச்சர் தேவகுமாரிக்கு இடிந்து உட்கார நேரமில்லை. கச்சா எண்ணெயைச் சூடாக்கிப் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று வரிசையாகப் பிரித்துக் காட்டுவதாக அவள் சவால் விட்ட நாள் இது.

"புஸ்தகத்துப் படத்துலயே எல்லாம் இருக்குதுங்கம்மா. இன்னைக்குள்ள ஒண்ணும் நடக்கலீன்னா லேபை ஆபீஸுக்கு எடுத்துக்குவேன்," என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் ஸ்தனிஸ்லாஸ் மீட்டிங்குக்குச் சேலம் போயிருந்தார். திங்கட்கிழமைதோறும் பிரார்த்தனைக் கூட்டத்தில் மதுவின் தீமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுகிறவர் அவர்.

"லேபை எப்படி எடுக்கறாருன்னு பார்த்துடறேன்!" என்று தேவகுமாரி சேலையை இழுத்துச் செருகினாள்.

ஏற்காட்டில் கச்சா எண்ணெய்க்கு எங்கே போவது? மூன்று எண்ணெயையும் பழைய இன்ஜின் ஆயிலோடு கலந்து அவளே தயாரித்து வைத்திருந்தாள். குழாய்க்குத்தான் வழியில்லை. வாட்ச்மேன் அங்கப்பன் டீ குடிக்கப் போயிருந்தான். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, தலைமையாசிரியர் குவார்ட்டர்ஸை ஒட்டிய சாமான் அறையைத் திறந்தாள்.

செம்புப் பானை! மூடியிலிருந்து சுருண்டு இறங்கும் செம்புக் குழாய்! உள்ளே ஏனோ லேசாகக் கிராம்பு வாசனை.

"வெள்ளைக்காரன் காலத்து லேப் சாமான், கண்ணு!" என்று பூரித்துப் போனாள்.

பானையை லேபில் அடுப்பேற்றினால், குளிரவைக்க லேப் பைப்பில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஆவி குளிரவில்லை. நாற்றம் ஆறாம் வகுப்பு வரை போய், பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். தேவகுமாரி அசரவில்லை. எலக்ட்ரிக் அடுப்பையும் பானையையும் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றினாள். அங்கே ஆவி நன்றாகவே குளிர்ந்தது. ஆனால் அதை ஒட்டிய கிளியூர் ரோட்டில் போன அத்தனை பேரும் பானையைப் பார்த்தார்கள்.

அரை மணியில் போலீஸ் ஜீப் வந்தது.

"யாரும்மா அது, பள்ளிக்கூடத்துல காய்ச்சறது?" என்றார் எஸ்.ஐ. ராணி.

"நான்தாங்க. கச்சா எண்ணெய்."

"அடுப்பை அணைங்க."

"மாட்டேனுங்க. டீசல் இன்னும் இறங்கல. மோந்து பாருங்க. தப்பா இருந்தா நானே ஸ்டேஷனுக்கு வர்றேன்."

ராணி முதல் பாட்டிலை முகர்ந்தார். பெட்ரோல். இரண்டாவது மண்ணெண்ணெய். மூன்றாவதில் மஞ்சளாகச் சொட்டு விழ, பிள்ளைகள் கைதட்டினார்கள். தேவகுமாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஸ்தனிஸ்லாஸ் வந்து இறங்கினார். பானையைக் கண்டதும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"இந்தப் பானை யாருதுங்க சார்? வெள்ளைக்காரன் காலத்து லேப் சாமான்னு டீச்சர் சொல்றாங்க," என்றார் ராணி.

"அது... டீச்சர் சொன்னதுதாங்க. வெள்ளைக்காரன் காலத்து லேப் சாமானுங்க! என்னைக் கேக்காம எடுத்தாங்கல்ல, இனி இந்தம்மாவுக்கு லேபே கிடையாது!"

கூட்டத்தைப் பார்த்து ஓடி வந்த அங்கப்பன், பழக்கப்பட்டவனைப் போலக் குழாய் முனையில் சொட்டியதை விரலில் தொட்டு முகர்ந்தான். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏனுங்க ஐயா, பானை நாறிப் போச்சுங்களே! கிறிஸ்மஸுக்கு இனி நாம எதுலீங்க காய்ச்சறது?"