பனி இல்லாத ஊரில் உப்பு அரித்த கார்

நான் இதுவரை பனி பெய்து பார்த்ததில்லை. ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றிப் படிந்திருக்குமே, எனக்குத் தெரிந்த பனி அதுதான். ஆனால் பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பைப் பற்றியும், அந்த உப்பு வண்டிகளை அரித்துத் தின்கிற விதத்தைப் பற்றியும் ஹைதராபாத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவன் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். பனியே பெய்யாத ஊரில் உப்பு அரித்துக் காரின் தரையில் ஓட்டை விழுந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், சேர்ந்து உட்கார்ந்து அழலாம்.)

ஐ.டி. கொடிகட்டிப் பறந்த காலம். திருச்சியிலிருந்து கிளம்பி வந்து ஹைதராபாத் மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் தலையில் வந்து விழுந்த ப்ராஜெக்ட் இது: அமெரிக்காவில் கடுங்குளிர் அடிக்கிற ஒரு மாவட்டம். பனிக்காலத்தில் ரோடெல்லாம் ஐஸ் உறைந்துபோய் வண்டிகள் சறுக்கும். ஐஸ் உருகுவதற்காக லாரி லாரியாக உப்பைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஐஸ் உருகிவிடும், ஆனால் அந்த உப்புத் தண்ணீர் வண்டிகளின் அடிப்பக்கம் தெறித்து ஒட்டிக்கொண்டு இரும்பை அரித்துவிடும். எந்த அரசாங்க வண்டி எப்போது துருப்பிடிக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லும் ப்ரோகிராமை நாங்கள் எழுதினோம். துரு சம்பந்தப்பட்ட பகுதி முழுக்க என் பொறுப்பு. ஆபீசில் எனக்குப் பெயரே உப்பு மூர்த்தி.

என் கணக்கு ரொம்ப எளிமையானது. பனி பெய்தால் உப்பு, உப்பு விழுந்தால் துரு. பனி இல்லையென்றால் துருவும் இல்லை. இதை எழுதிவிட்டு, இரும்பையே நான்தான் கண்டுபிடித்ததுபோல் திரிந்துகொண்டிருந்தேன்.

ப்ரோகிராம் முடிகிற சமயத்தில், அதை அங்கே போய் நிறுவுவதற்கு ஒரே ஒரு ஆளை அனுப்புவதாக முடிவானது. அதாவது ஆன்சைட்! அந்தக் காலத்தில் ஆன்சைட் போகாத சாஃப்ட்வேர்க்காரனுக்குச் சொந்தக்காரர் கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலிகூடக் கிடைக்காது. "இன்னும் இங்கேதான் இருக்கியாப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். போட்டியில் இரண்டு பேர். ஒன்று நான், இன்னொன்று பக்கத்து சீட்டு பிரபாகர். வேலூர்க்காரன், எப்போதும் சிரித்த முகம், அதனாலேயே எனக்குப் பிடிக்காது. யார் போவது என்று முடிவு செய்ய அந்த மாவட்டத்திலிருந்தே ராபர்ட் என்பவர் வந்து இறங்கினார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற எடை.

முதல் நாள் மீட்டிங்கில் ராபர்ட் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"டிரைவர்களுடைய பூட்ஸில் ஒட்டிக்கொண்டு உப்பு வண்டிக்குள்ளேயும் வருகிறதே. உள்ளேயிருந்து தரை துருப்பிடிப்பதை உங்கள் கணக்கில் சேர்க்கவில்லையா?"

நியாயமான கேள்வி. "சேர்க்கிறேன் சார்" என்று சொல்லியிருந்தால் நான் இன்றைக்குப் பனியில் சறுக்கி விளையாடிக்கொண்டிருப்பேன். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"சார், பூட்ஸில் வருகிற உப்பெல்லாம் ஒரு உப்பா? எங்கள் ஊரில் பனி இல்லை, உப்பு இல்லை, அதனால் துருவும் இல்லை. என் காரையே பாருங்களேன். பழைய கார்தான், தரை இன்றைக்கும் கண்ணாடி மாதிரி இருக்கும். நாளைக்கு மதியம் எங்கள் மாமியார் வீட்டில் உங்களுக்குச் சாப்பாடு. நானே காரில் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்றேன்.

மேனேஜர் வெங்கட்ராவ், கம்பெனி வண்டி இருக்கிறதே என்றார். நான் கேட்கவில்லை. என் காரைக் காட்டி என் கணக்கை நிரூபிக்கப் போகிறேனாம்! (இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே ஓங்கி ஒன்று விடலாம் போலிருக்கிறது.)

என் கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சிவப்பு நிறம். வாங்கிய கையோடு தரையில் பஞ்சு ஷீட் விரித்து, அதன்மேல் ரெக்சின் ஒட்டி, அதற்கும் மேல் ரப்பர் மேட் போட்டு, ராஜா வீட்டு வண்டிபோல் வைத்திருந்தேன். அந்த மழைக்காலத்தில் உள்ளே லேசாக ஒரு ஈரவாடை அடித்தது உண்மைதான். மழையில் எந்தக் காரில்தான் அடிக்காது? மல்லிகை வாசனை வரும் ஒரு அட்டையை வாங்கித் தொங்கவிட்டேன், வாடை போய்விட்டது.

மறுநாள் கிளம்பினோம். என் மாமனார் ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்தார், அங்கேயே குவார்ட்டர்ஸ். ராபர்ட் முன்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தார். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அவர் ஊரில் ஸ்டியரிங் இடது பக்கம். நம் காரில் அவர் உட்கார்ந்திருந்த இடம் அவருக்கு டிரைவர் இடம். அவர் மூளைக்குத் தான் ஓட்டவில்லை என்று தெரியும், கால் அதை ஒப்புக்கொள்ளவில்லை. லிங்கம்பள்ளி வரை ஒவ்வொரு ஆட்டோ குறுக்கே வரும்போதும் இல்லாத பிரேக்கை ஓங்கி ஓங்கி மிதித்தார். ஹைதராபாத்தில் எத்தனை ஆட்டோ குறுக்கே வரும் என்று உங்களுக்கே தெரியும்.

லிங்கம்பள்ளி தாண்டியதும் நெரிசல். வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. நான் உற்சாகமாக, "பார்த்தீர்களா சார், ஒரு துளி துரு கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆட்டோ மூக்கை நுழைத்தது. ராபர்ட் உடம்பின் முழு பலத்தையும் சேர்த்து ஒரு மிதி மிதித்தார்.

கர்ரக் என்று ஒரு சத்தம். பார்த்தால் ராபர்ட்டின் கால் முழங்கால் வரைக்கும் காணோம்!

மேட், ரெக்சின், பஞ்சு, தகரம் எல்லாம் சேர்ந்து உள்வாங்கிவிட்டன. நான் பிரேக்கை அழுத்தி நிறுத்தினேன். அந்த மனிதர் கத்தவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. மெதுவாகக் குனிந்து பார்த்துவிட்டு, "என் கால் ரோட்டில் இருக்கிறது" என்றார்.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "க்யா பாய், பாவ் சே சலாரே காடி?" (காலாலா ஓட்டுறீங்க வண்டியை?) என்று கேட்டுவிட்டு, நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். குறுக்கே வந்தவன் அவன்! ஒரு வார்த்தை மன்னிப்பு கிடையாது! கேட்டால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்!

காலை இழுத்தபோது ஷூ கழன்று ரோட்டில் விழுந்துவிட்டது. நான் இறங்கிச் சுற்றிவந்து அதை எடுப்பதற்குள், ஷிஃப்ட் முடிந்து திரும்பிய தொழிற்சாலை பஸ் ஒன்று அதன்மேல் ஏறிப் போனது. காலில் கீறல்கூட இல்லை, அந்த மட்டில் நல்ல காலம். மீதி தூரம் முழுக்க ராபர்ட் இரண்டு கால்களையும் சீட்டின்மேல் தூக்கி வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு வந்தார்.

குவார்ட்டர்ஸ் வாசலில் என் மனைவி கலாவும் மாமியாரும் நின்றிருந்தார்கள்.

"ஐயோ, என்ன மாப்பிள்ளை இது? வெள்ளைக்காரர் ஒத்தை ஷூவோட வர்றாரு!"

"கார்ல ஓட்டை விழுந்துருச்சு அத்தை. அவரோட கால் உள்ள போயிருச்சு."

மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நெனைச்சேன்! இந்தக் குவார்ட்டர்ஸ் ஜனங்க கண்ணு இருக்கே, கொள்ளிக்கண்ணு! மாப்பிள்ளை கார் வாங்கிட்டாரு, மாப்பிள்ளை கார் வாங்கிட்டாருன்னு வாய் ஓயாம பேசினாங்களே! நல்லவேளை, நான் உப்பு வச்சிருந்தேனோ, காலோட போகாம ஷூவோட போச்சு!"

"எந்த உப்பு அத்தை?"

"சீட்டுக்கு அடியில வச்சேனே, அந்த உப்புதான்."

விசாரித்ததில் முழுக் கதையும் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் அங்கே சாப்பிடப் போவோம். நான் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுத் தூங்குவேன். அந்த நேரத்தில் மாமியார் என் மனைவியிடம் சாவியை வாங்கிக்கொண்டு போய், கல்லுப்பை மஞ்சள் துணியில் முடிந்து இடது பக்க சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். தன் மகள் உட்காருகிற இடமாம். கார் வாங்கிய நாளிலிருந்து, இரண்டு மழைக்காலமாக!

"அடுத்த வாரம் போய்ப் பாத்தா துணி மட்டும் சொதசொதன்னு கெடக்கும், உப்பைக் காணோம். அத்தனையும் கரைஞ்சு போயிருக்கும். அவ்வளவு திருஷ்டி மாப்பிள்ளை! அதான் அளவைக் கூட்டினேன். மொதல்ல ஒரு பிடிதான் வச்சேன். இந்த ஆடியிலேர்ந்து அரைப்படி."

"அத்தை, இது மழைக்காலம்! ஈரத்துல உப்பு கரையத்தான் செய்யும்! கரைஞ்ச தண்ணியெல்லாம் பஞ்சுல ஊறி, தகரத்தை அரிச்சிருக்கு!"

"அப்ப என் சமையக்கட்டுல இருக்கிற உப்பு ஏன் கரையல?"

(அவர் சமையலறை உப்பு மூடி போட்ட ஜாடியில் இருந்தது. இது எனக்கு மறுநாள் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது.)

கலாவைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும். சொன்னா நீங்க கத்துவீங்கன்னு அம்மா சொல்ல வேண்டாம்னாங்க. இப்பக் கத்துறீங்கதானே?"

கத்தாமல் என்ன செய்வது? துருப்பிடிக்கும் கணக்கை நாள் முழுக்க ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவன் நான். என் காரிலேயே, என் முதுகுக்குப் பின்னாலேயே, அந்தக் குளிர்தேசத்து லாரிக்காரன் செய்கிற வேலையை என் மாமியார் வாரம் தவறாமல் செய்திருக்கிறார்!

நாங்கள் ஏன் சண்டை போடுகிறோம் என்று ராபர்ட் கேட்டார். நான் சமாளிப்பதற்குள் கலா, ஒரு விவரம் விடாமல், ரசித்து ரசித்து இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள். அவ்வளவு சரளமாக அவள் இங்கிலீஷ் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. ராபர்ட் ஒற்றை ஷூவோடு வாசலில் நின்ற காருக்குப் போய், ரப்பர் மேட்டைத் தூக்கி, வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, "உப்பு வண்டிக்குள்ளேயும் வரும் என்று நேற்றுச் சொன்னேனே" என்றார். அதைச் சிரிக்காமல் சொன்னார். பிறகு உட்கார்ந்து வத்தக்குழம்பு ஊற்றி மூன்று தடவை சாப்பிட்டார். மாமனாரின் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனி வண்டியில் திரும்பிப் போனார்.

மறுநாள் மீட்டிங்கில் தீர்ப்பு வந்தது. பனியே இல்லாமல், உள்ளேயிருந்து பிடிக்கும் துருவையும் ப்ரோகிராம் கணக்கில் எடுக்க வேண்டும். அதைத் திருத்தி எழுத, நேரில் பட்டவனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆகவே மூர்த்தி இங்கேயே இருந்து எழுதட்டும். எழுதி முடித்ததை எடுத்துக்கொண்டு பிரபாகர் அங்கே போகட்டும். புதிய பகுதிக்கு ராபர்ட்டே ஒரு பெயரும் வைத்தார்: 'மாமியார் விதி'. மேனேஜர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிரபாகர் வழக்கம்போல் சிரித்த முகமாகவே இருந்தான்.

என்ன அநியாயம் பாருங்கள்! கார் என்னுடையது, ஓட்டை என்னுடையது, மாமியாரும் என்னுடையவர். அனுபவம் முழுக்க எனக்கு, ஆன்சைட் அவனுக்கு! அதற்குப் பிறகு அந்த வாய்ப்பு எனக்கு வரவே இல்லை. உறவினர் கல்யாணங்களில் இன்றைக்கும் நான் பின்வரிசைதான்.

அந்தப் பனிக்காலம் முடிகிற சமயத்தில் பிரபாகர் ஃபோன் செய்தான். அங்கே அவன் வாங்கிய பழைய காரின் அடிப்பக்கம் உப்பில் அரித்து, சைலன்சர் நடுரோட்டில் கழன்று விழுந்துவிட்டதாம். அன்றைக்குத்தான் எனக்கு வயிறு குளிர்ந்தது. நேரே மாமியாரிடம் போனேன்.

"கேட்டீங்களா அத்தை? அந்த ஊர்ல ரோடு பூரா உப்பைக் கொட்டுறாங்க. அத்தனை வண்டியும் துருப்பிடிச்சுப் போகுது. உப்பு என்ன பண்ணும்னு இப்பவாவது ஒத்துக்குங்க."

மாமியார் கண்களை அகல விரித்தார்.

"ரோடு பூராவுமா? கவர்மெண்டே கொட்டுதா?"

"ஆமா. லாரி லாரியா."

"பாத்தியா கலா, எவ்வளவு விவரமான ஜனங்க! ஊருக்கே சேத்துத் திருஷ்டி கழிக்கிறாங்க. அதான் அந்த தேசம் அவ்வளவு நல்லாருக்கு."

இன்றைக்கும் டி.வி. செய்தியில் ஏதாவது ஊரில் பனி கொட்டுவதைக் காட்டினால், வீட்டில் எல்லோரும் ஒரே குரலில், "ஊருக்குச் சுத்திப் போடப் போறாங்க" என்கிறார்கள். காரில் ஏறினால் முதலில் காலால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவள். அவளும் இந்தக் கதையை மட்டும் முழுக்கத் தமிழிலேயே சொல்வாள், அதுவும் பாட்டி குரலில்.

போன மாதம் புதுக் கார் வாங்கினோம். வந்த முதல் நாளே எல்லோரையும் நிற்க வைத்து, இந்த வண்டிக்குள் ஒரு கல் உப்புகூட வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மாமியார்தான் முதலில் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூங்குவதுபோல் பாசாங்கு செய்துவிட்டு, எழுந்து போய் சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். மஞ்சள் துணி முடிச்சு! அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன்.

"என்ன அத்தை இது? உப்பு வைக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"அவிழ்த்துப் பாத்துட்டுப் பேசுங்க மாப்பிள்ளை. உப்புதானே கூடாதுன்னீங்க? அது படிகாரம்."

மகள் சோபாவிலிருந்து தலையை மட்டும் தூக்கிக் கேட்டாள்:

"நான்னா, படிகாரத்துக்கு உன் ப்ரோகிராம்ல லைன் உந்தா?" (அப்பா, அதுக்கு லைன் இருக்கா?)

இல்லை.