கவனச் சோதனைக்கு ஒரு டியூஷன்

"எந்த எழுத்து வந்தாலும் தட்டும்மா. எக்ஸ் வந்தா மட்டும் கைய எடுத்துடு."

தேன்மொழி எழுத்து அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். மகள் லோஷினி மேசையைத் தட்டினாள். ஜொகூரின் லாயாங் லாயாங் ஊரில் இருந்த அந்த வீட்டில் மூன்று வாரமாக மாலைச் சமையல் கிடையாது, கடை ரொட்டி சானாய்தான்.

லோஷினி ஐந்தாம் படிவம். எந்தத் தேர்விலும் பாதித் தாளிலேயே அவள் கண் ஜன்னலுக்குப் போய்விடும். கவனக்குறைவுக் கோளாறு என்று டாக்டர் கடிதம் கொடுத்தால் பள்ளி இறுதி எஸ்பிஎம் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆனால் முதல் நாள் லோஷினியிடம் பேசிப் பார்த்த டாக்டர், ஒரு கவனச் சோதனை வேண்டும் என்று தேதி கொடுத்தார். சோதனை என்றதும் தேன்மொழியால் சும்மா இருக்க முடியுமா?

ஜொகூர் பாரு கிளினிக்கில் லோஷினி ஒரு தப்புகூட விடவில்லை.

"ஃபுல் மார்க்கும்மா. குறையே இல்லாதவளுக்கு லெட்டர் எப்படித் தருவாங்க?" என்றாள் லோஷினி.

"அலமாக், போச்சே!" தேன்மொழி அங்கிருந்த நாற்காலியிலேயே சாய்ந்தாள்.

லோஷினியைப் பற்றிப் பள்ளியிலும் வீட்டிலும் நிரப்பித் தரச் சொல்லி டாக்டர் கொடுத்த கேள்விப் பாரங்கள் பாக்கி இருந்தன. ஒரு டப்பா கறிபாப் பலகாரத்தோடு வகுப்பாசிரியர் ஹேமநாதனைப் போய்ப் பார்த்தாள்.

"சார், பாரத்துல உள்ளத உள்ளபடி எழுதுங்க."

"கவலைய விடுங்கம்மா. உங்க பொண்ண நான் விட்டுக்கொடுப்பேனா?"

கறிபாப்பைக் கடித்துக்கொண்டே, வகுப்பிலேயே கவனமான மாணவி என்று எழுதிக் கொடுத்தார்.

மிஞ்சியது கணவன் குணாளன்.

"பெத்த பொண்ண நானே குறை சொல்லி எழுதணுமா? நாளைக்கு எவன் கட்டிக்குவான்?"

"கல்யாணப் பத்திரிகையா எழுதச் சொன்னேன்? உண்மைய எழுதுங்க."

பதினெட்டுக் கேள்வி. பதினெட்டுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்று குறித்தான். அவள் பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

முடிவு வந்த அன்று குணாளன் கிளினிக்கிலேயே முடிவுத் தாளைப் படம்பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான்.

"என் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல லா. டெஸ்ட்டே சொல்லிருச்சு. இனிமே வீட்டுல டாக்டர் கீக்டர்னு ஒரு பேச்சு வரக்கூடாது." மகளைத் தோளோடு அணைத்துக் காருக்குக் கூட்டிப் போனான்.

தேன்மொழி கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"லெட்டர் இனிமே கிடைக்காதில்ல?" என்று கேட்டாள்.

கவுண்டரிலிருந்த கிளினிக் உதவியாளர் ஷஹீரா ஒரு உறையை எடுத்து நீட்டினாள்.

"லெட்டர் முதல் நாளே எழுதியாச்சுக்கா, பாப்பாவோட பழைய தேர்வுத் தாள்களப் பார்த்து, அவகிட்ட பேசினதுமே டாக்டருக்குத் தெரிஞ்சிருச்சு; டெஸ்ட்டெல்லாம் அப்பாமாருங்க நம்பணுமேன்னு வைக்கிறது. உங்க வீட்டு அண்ணன கூப்பிடுங்க, அவர் ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுது."