ஓடணுமே!

"என்னது, ஓடலையா? ஓடணுமே!"

காதலியின் அப்பா இதைக் கேட்ட தோரணையில் ஸ்பானருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவியைத் திருப்பித் திருப்பி அவன் விரல் வலித்ததுதான் மிச்சம்.

ஸ்பானர் என்பது பட்டப்பெயர். பழைய கார்களைப் பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறான் என்று ஆபீஸில் வைத்தது. எழுதுவதில் புலிதான். நிஜமான ஸ்பானரைக் கையால் தொட்டதென்னவோ இந்த வீட்டு ஷெட்டுக்கு வந்த பிறகுதான்.

வந்தது பெண் கேட்க. அவளுடைய அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஷெட்டில் தூசி மூடிக் கிடந்த ஒரு கிழட்டுக் காரைக் காட்டினார்.

"பழைய வண்டின்னா உயிரை விடுவீங்களாமே. இதை ஓட வைங்க தம்பி. அப்புறம் கல்யாணப் பேச்சைப் பேசலாம்."

"அவ்ளோதானா சார்?" என்று சிரித்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அமர்க்களமாகத்தான் ஆரம்பித்தது. பிளக்கைக் கழற்றி இன்ஜினில் ஒட்டிவைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுப் பார்த்தான். பொறி வந்தது, ஆனால் சோகை பிடித்த மஞ்சள் பொறி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தான். எந்த சிலிண்டருக்கு எந்த நேரத்தில் பொறி போகவேண்டும் என்று பிரித்து அனுப்புகிற சாமான் அதுதான். உள்ளே பொறியைக் கிளப்பிவிடுகிற பாயின்ட் கரி பிடித்து ஒட்டிக்கிடந்தது. தேய்த்தான், இடைவெளி வைத்தான். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை இப்படி, ஒரு மயிரிழை அப்படி என்று திருப்ப, வண்டி இருமியது, செருமியது, சரியாக உறுமப்போகிற நேரத்தில் பேட்டரி மண்டையைப் போட்டது.

"பாத்தியா பாத்தியா! இதான் இடம்! டைமிங் இங்கதான் உட்காருது. இதை அசைக்கவே கூடாது, ஏதாவது அடையாளம் போடணும்!" என்று குதித்தான்.

காதலி உள்ளே ஓடிப்போய் சிவப்பு நெயில் பாலிஷ் கொண்டுவந்தாள். அவன் டார்ச் அடிக்க, அவளே குனிந்து டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து இன்ஜின் உடம்பு வரைக்கும் ஒரே கோடாக இழுத்தாள். இவளைக் கட்டிக்கொண்டால் காலம் முழுக்க இப்படித்தான், தலையோடு தலை முட்டிக்கொண்டு ஒரு பானட்டுக்குள் குனிந்திருக்கலாம் என்று அவனுக்குக் கண்ணே கலங்கியது.

அந்தக் கோடு இன்றைக்கும் பிசகாமல் அப்படியே இருக்கிறது. பேட்டரியும் புதுசு. ஆனால் வண்டி மட்டும் ஓடவில்லை.

"ஓடணுமே..." என்று அப்பா தாடையைத் தடவினார். "நல்லா பாருங்க தம்பி. இது ஓடாம இருக்க வாய்ப்பே இல்ல."

"நக்கல் பண்றார் உங்கப்பா," என்றான் அவளிடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அவர் அப்படித்தான். நீ டென்ஷன் ஆகாத. கோடு கரெக்டா இருக்கில்ல? அப்ப டைமிங் இல்ல, வேற ஏதோ."

நியாயம்தானே? வேற ஏதோ என்றால் கண்டென்ஸர். மாற்றினான். மாற்றும்போது பாயின்ட்டுக்குப் போகிற பொடி ஒயர் கையோடு வந்தது. அதைத் தேடிப்பிடித்து ஒட்டவைப்பதற்குள் பொழுது போய்விட்டது.

அடுத்த ஞாயிறு சாவியைத் திருப்பியதும் டமால் என்று சைலன்சர் வெடித்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைப் படுக்கைவிரிப்பு முழுக்கக் கரி. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டினார்.

"மாப்பிள்ளை பாக்கறீங்களா, பட்டாசு கம்பெனி நடத்தறீங்களா சார்?"

"ஓடணுமேய்யா!" என்றார் அப்பா அவரிடமும். குரல் தழுதழுத்தது. என்ன நடிப்பு என்று ஸ்பானர் உள்ளுக்குள் கறுவினான். ஜன்மத்தில் இவருக்குப் பெண்ணைக் கொடுக்கிற உத்தேசமே இல்லை. ஓடாத வண்டியாகப் பார்த்துக் காட்டியிருக்கிறார் கிழவர்.

குனிந்து பார்த்தான். சிவப்புக் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஆக டைமிங் இல்லை. காயிலை மாற்றினான். அதிலும் திருப்தி வராமல் பிளக் ஒயர் அத்தனையையும் உருவிப்போட்டான். உருவிய பிறகுதான் எது எங்கே இருந்தது என்று பார்த்துவைக்கவில்லை என்பது உறைத்தது. ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று சிலிண்டர்களுக்குப் பொறி போகிற வரிசையை முணுமுணுத்துக்கொண்டே மாட்டினான். டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்பதைப் பார்க்காமலே மாட்டினான். கார்புரேட்டர் வழியாகக் குப்பென்று தீ வந்து, அவனுடைய இடது புருவத்தைக் கொண்டுபோய்விட்டது.

காதலி ஈரத்துணியை எடுத்து அவன் நெற்றியில் ஒற்றினாள்.

"வேண்டாமேப்பா. விட்டுடலாம். இதுக்காக நீ இவ்ளோ கஷ்டப்படணுமா? எனக்குக் குற்ற உணர்ச்சியா இருக்கு."

"உனக்காகத்தான்டி!"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகையை மறைக்கிறாள் என்று அவனுக்குப் பட்டது. ஒற்றைப் புருவத்தோடு ஆபீஸ் போனான். ஸ்பானர் என்ற பட்டம் போய் அரைப்புருவம் என்று ஆனது. இணையத்தில் எழுதுவதை நிறுத்தினான். யாராவது கார் என்றாலே இடத்தைக் காலி பண்ணினான்.

அதற்கடுத்த ஞாயிறு அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். அவனைவிட அவர்தான் இளைத்துப்போயிருந்தார்.

"தம்பி, எனக்குத் தாங்கல. இன்னிக்கு ஓடலைன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடுவோம். நான் வேற இடம் பாத்துக்கறேன்."

காதலி டார்ச்சைப் பிடித்தாள். அவன் வெறிபிடித்தவன் மாதிரி வேலையில் இறங்கினான். இந்தத் தடவை எதையும் நம்புவதில்லை. கோட்டையும் நம்புவதில்லை.

"கோடுதான் சரியா இருக்கே, அதை ஏன் தொடற?" என்றாள் அவள்.

"கோடு நாசமாப் போகட்டும்!"

முதல் சிலிண்டரின் பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து, இன்ஜினைக் கையால் சுற்றி, காற்று விரலைத் தள்ளுகிற இடத்தைப் பிடித்தான். கீழே இன்ஜினோடு சுற்றுகிற சக்கரத்துக் குறியை இன்ஜின் உடம்பிலிருக்கிற குறிக்கு நேருக்கு நேர் கொண்டுவந்தான். ஒரு சின்ன பல்பை பாயின்ட்டில் மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, பல்ப் பளிச்சென்று எரிகிற அந்த நொடி வரைக்கும் திருப்பினான். அம்மாடி, எவ்வளவு திருப்பவேண்டியிருந்தது! சிவப்புக் கோட்டின் பாதி ஒரு பக்கம், மீதி அடுத்த வீதிக்குப் போன மாதிரி ஒரு பக்கம். ஒயர்களைச் சுற்றுகிற திசை பார்த்து வரிசையாக மாட்டி, சாவியைத் திருப்பினான்.

ஓடியது.

இருமல் இல்லை, செருமல் இல்லை. பஞ்சுமெத்தையில் பூனை படுத்துக் குறட்டை விடுகிற மாதிரி ஓடியது. அப்பா ஓடிவந்து அவனை அப்படியே கட்டிக்கொண்டார். சட்டையெல்லாம் கிரீஸ்.

"மாப்பிள்ளே! சொன்னேனே, ஓடணும்னு சொன்னேனே!" என்று விம்மினார். பிறகு இனிப்பு வாங்கிவருகிறேன் என்று செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினார்.

காதலி டார்ச்சை அணைத்தாள். அதை ஷெட் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அறைக்கதவு சாத்துகிற சத்தம் இன்ஜின் ஓட்டத்தையும் மீறிக் கேட்டது.

"சந்தோஷம் தாங்கல அவளுக்கு," என்றான் ஸ்பானர், தண்ணீர் கொண்டுவந்த அவளுடைய அம்மாவிடம். இத்தனை வாரத்தில் அந்த அம்மாள் அவனிடம் பேசியதே இல்லை. "ஆனா சார் இப்படி மாறுவார்னு நான் எதிர்பாக்கலை ஆன்ட்டி. என்னைத் தோக்கடிக்கறதுக்காகவே இந்த வண்டியைக் குடுத்தார்னு நெனச்சேன்."

அம்மாள் மூடிய கதவை ஒரு பார்வை பார்த்தாள். ஓடுகிற வண்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

"சேச்சே, மாப்பிள்ளை தோத்துடக் கூடாதேன்னு அவரு நீங்க போனதுமே அதைச் சரிபண்ணி, ஓட்டிப் பாத்துட்டுத்தான் தூங்குவாரு தம்பி. மறுபடி அதைக் கெடுத்து, புதுசா கோடு போட்டு வெக்கறதுக்கு, பாவம், இவதான் விடியறதுக்கு முன்னால எழுந்திரிக்க வேண்டியிருந்துச்சு."