நான் உத்தரவு போட்ட வேகத்தடை

நான் அரசாங்க உத்தியோகத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஆனாலும் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் என் உத்தரவின்படி போட்ட வேகத்தடை ஒன்று இருக்கிறது. அதில் முதலில் மாட்டிக்கொண்டதும் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. முட்டுக்காடு பக்கம், பழைய சொகுசுக் கார்களை விற்கும் ஷோரூமில் சேல்ஸ் வேலை. சேர்ந்து நாலு மாதமாகியும் ஒரு வண்டிகூட விற்கவில்லை (வண்டியைத் துடைக்கும் வேலையை மட்டும் பிரமாதமாகச் செய்தேன்). ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, "ஷீலா, அந்தச் சிவப்பு வண்டிய இந்த மாசம் வித்துடு. இல்லேன்னா நீ கருங்குழிக்கே போயிடு" என்றார். கருங்குழி என் ஊர். அங்கே, 'அப்பவே டீச்சர் டிரெய்னிங் போகச் சொன்னோமே' என்று சொல்ல வீடே காத்திருந்தது. அதைக் கேட்பதற்கு நான் தயாராக இல்லை.

அந்தச் சிவப்பு வண்டி ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு படுத்திருக்கும். அதைப் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து ஒரு குழந்தை மருத்துவர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல ஃப்ரண்ட் லிஃப்ட் இருக்காம்மா?"

(ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டியின் மூக்கு மட்டும் மூன்று விரற்கடை உயரும். மேடு தாண்டியதும் இறங்கிக்கொள்ளும். அதுதான் ஃப்ரண்ட் லிஃப்ட்.)

எங்கள் வண்டியில் இல்லை. புத்தியுள்ளவள் 'இல்லை' என்று சொல்லி நிறுத்தியிருப்பாள். நான், "அது ஓட்டத் தெரியாதவங்களுக்கு, டாக்டர்" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்படியா? செங்கல்பட்டுல என் வீட்லேருந்து மாமல்லபுரத்துல என் தோட்டம் வரைக்கும் நீயே ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஒரு தடவைகூட அடி உரசற சத்தம் கேக்கக் கூடாது. கேக்கலைன்னா, இந்த வண்டி எனக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று.

ஜெயித்தே தீருவது என்று இறங்கினேன். வண்டி மூக்கின் உயரத்துக்கு ஓர் அட்டையை வெட்டிக்கொண்டு, டேப்பும் நோட்டுமாக ஸ்கூட்டியில் கிளம்பினேன். வழியில் இருந்த ஒவ்வொரு வேகத்தடையிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அளந்தேன். இருபத்து மூன்று. சிலவற்றை நேராகத் தாண்டலாம். மற்றவற்றைக் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். எல்லாம் குறித்தாயிற்று.

கடைசியையும் அளந்துவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளி டேப்பும் நோட்டுமாக நின்று கணக்குப் பார்த்தபோது, சிற்பக்கூடங்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் கன்னியம்மா ஒரு டம்ளரோடு வந்து நின்றார்.

"இன்னா மேடம், ஹைவேஸா? எத்தினி தபா எழுதிக் குடுத்தோம் தெரியுமா? டிப்பர் லாரி பறந்துகினு போவுது. புள்ளைங்க ரோட்டத் தாண்டி இஸ்கூலுக்குப் போவ முடில. இங்க ஒண்ணு போடக் கூடாதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவரை என்னை யாரும் 'மேடம்' என்று கூப்பிட்டதில்லை. டீயை வாங்கிக்கொண்டேன். நாலடி நடந்தேன். சாலையை முறைத்துப் பார்த்தேன்.

"கண்டிப்பா வேணும். நல்ல உயரமா. பைக்குங்க ஓரமா வளைஞ்சு போகும், அதனால ரெண்டு பக்கமும் கல்லு நட்டுடணும்."

"நீங்க எப்ப மேடம் போடுவீங்கோ?"

"நீங்களே போட்டாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்ல" என்றேன். (எங்களுக்கு! அந்தத் திமிரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.)

ஞாயிறு காலை. டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். ஒன்று, இரண்டு என்று இருபத்து மூன்றையும் தாண்டினேன். ஒரு சத்தமில்லை. "பரவாயில்லையே" என்றார். ஷோரூமில் எல்லாருக்கும் என்ன இனிப்புக் கொடுக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் இருபத்து நாலாவது தெரிந்தது.

சிற்பிகள் போட்ட வேகத்தடை. நூல் பிடித்த விளிம்பு. சாமி சிலையின் பீடம்போலச் செங்குத்தான ஏற்றம். குறுக்காகப் போக வழியில்லாமல் இரண்டு பக்கமும் இடுப்புயரக் கருங்கல் தூண்கள். ஒன்றில் தாமரைகூடச் செதுக்கியிருந்தார்கள். இறங்கி அட்டையை வைத்துப் பார்த்தேன். வழியே இல்லை.

கன்னியம்மா ஓடி வந்தார். "மேடம்! நீங்க சொன்ன மாரியே போட்டுட்டோம், பாருங்கோ!" பிறகு காருக்குள் குனிந்து டாக்டரிடம், "இந்த மேடம்தான் ஆர்டர் போட்டாங்கோ" என்றார்.

டாக்டர் என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "நீ எந்த டிபார்ட்மென்ட்மா?"

எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையே சிரித்தது. மானம் போய்விட்டது. வைராக்கியம் மட்டும் போகவில்லை. "அண்ணே, இது உரசாம தாண்டணும். என் வேலை இதுலதான் இருக்கு" என்று சிற்பக்கூடத்தைப் பார்த்து, உளிச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

உளி நின்றது. ஒரு சிற்பி வந்து வண்டியைப் பார்த்தார். "ஆளுயர நந்தியவே லாரில ஏத்தறோம். இது இன்னா கனம் கீது? டேய், வாங்கடா!"

மேட்டின் இரு பக்கமும் சரிவாகப் பலகை போட்டார்கள். மூக்கின் அடியில் கோணிப்பை கொடுத்து, எட்டுப் பேர் ஐலசா போட்டுத் தூக்க, நான் அங்குலம் அங்குலமாக ஓட்டினேன். பின்னால் இரண்டு பஸ்கள் ஹாரன் அடித்தன. அடியில் மட்டும் ஒரு சத்தமில்லை. தாண்டிவிட்டோம்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"உரசல. ஒத்துக்கறேன்" என்றார் டாக்டர். "ஆனா நான் பாக்க வந்தது லிஃப்ட் தேவையான்னு. நீ எட்டுப் பேர் தேவைன்னு காட்டிட்ட."

வேறெங்கோ லிஃப்ட் உள்ள வண்டியை வாங்கினார் என்று கேள்வி. நான் கருங்குழி போய்ச் சேர்ந்தேன். இப்போது மதுராந்தகத்தில் டிராக்டர் விற்கிறேன். நன்றாகவே விற்கிறேன். அடி உரசுமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

வீட்டில் நான் எதையாவது அதிகாரமாகச் சொன்னால் போதும், என் கணவர் கைகட்டி நின்று, "மேடம் எந்த டிபார்ட்மென்ட்?" என்பார்.

போன மாதம் அந்த வழியாகக் காரில் போனோம். மேடு அப்படியே இருந்தது. சாலையைப் புதிதாகப் போட்டபோது அதை எடுக்க வந்தவர்களை, "இது மேடம் போட்டது" என்று கன்னியம்மா விரட்டிவிட்டாராம். எதிரே பறந்து வந்த டிப்பர் லாரி ஒன்று மேட்டைப் பார்த்ததும் பிரேக் போட்டு ஊர்ந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் அதன் முன்னால் சாவகாசமாகச் சாலையைத் தாண்டிப் போனார்கள்.

"அம்மா, இதுவா நீ போட்டது?" என்றாள் மகள்.

"ஆமாம்" என்றேன். முதல் தடவையாக யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த நொடி எங்கள் காரின் அடி அதில் 'கர்ர்ர்' என்று உரசியது. கணவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்: "மேடம் எந்த டிபார்ட்மென்ட்?"